நடுங்குவது மனமா, உடலா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

உடற்பருமனைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவையை 1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் தொடங்கிவைத்தார். இவ்வறுவை செய்துகொண்டோருள் சிலருக்குப் பல மாதங்கள் கழித்து ஒரு தொல்லை தோன்றும். உணவுண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், இன்னதென்று அறியாத அச்சம் சூழும். வெறும் வயிற்றில் இரத்தத்தைச் சோதித்தாலோ குறையொன்றும் தெரியாது. 'எல்லாம் மனப்பிரமை' என்பர் சுற்றத்தார்.

உண்மை யாது? உணவிலுள்ள சர்க்கரை இரைப்பையில் தங்காது குடலில் பாய்ந்து, விரைவில் இரத்தத்தில் கலக்கிறது. குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் இயக்குநீர் கணையத்தைத் தூண்ட, இன்சுலின் அளவுமீறிச் சுரக்கிறது. இரத்தச் சர்க்கரை 100 மி.லி.க்கு 70 மி.கி.க்கும் கீழே இறங்கிவிடுகிறது. உடனே உடல் அட்ரினலினை ஏவுகிறது. பாம்பைக் கண்டால் சுரக்கும் அதே நீர்தான்! நடுக்கமும் அச்சமும் அதன் விளைவுகளே.

ஆகவே, நடுங்கும் வேளையிலேயே குளுக்கோமீட்டரால் அளந்து, உண்ட பொருளையும் நேரத்தையும் குறித்து மருத்துவரிடம் காட்டவேண்டும். சர்க்கரை குறைந்திருப்பின் அப்போதைக்குச் சிறிது குளுக்கோஸ் உதவும். இனிப்புப் பானங்களை விலக்கி, புரதம் மிகுந்த உணவைச் சிறுகச் சிறுகப் பலவேளை உண்பது நலம். அளவு சரியாக இருப்பின் வேறு காரணத்தை மருத்துவர் ஆராய்வார்.

எங்கள் ஊரில் இத்தகைய நடுக்கத்தைப் 'பயந்த கோளாறு' என்று சொல்லித் திருநீறு பூசுவர். நண்பர்களே, பூசுவோரைப் பழிக்க வேண்டா. அளந்து பார்க்கவும் சொல்லிக்கொடுப்போம்.