எல்லை தாண்டுமுன் ஒரு கணக்கு

மத்திகிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. பிளஸ் டூ மார்க்கைச் சொன்ன கையோடு, "பெங்களூர்ல ஒரு யுனிவர்சிட்டியில சீட்டு தர்றாங்களாம் மாமா, இந்த வாரமே அட்வான்ஸ் கட்டணுமாம்" என்றும் போனில் சொன்னாய். இதற்கெல்லாம் போனில் பதில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படித்துவிட்டு அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

இந்த வாரம் எந்தப் பணமும் கட்ட வேண்டாம். நல்ல கல்லூரி தன் இடத்துக்கு ஆள் பிடிக்க உன்னை அவசரப்படுத்தாது. அவசரப்படுத்துகிறவர்கள், நீ வேறு இடங்களை விசாரிக்கக் கூடாது என்பதற்காகவே செய்கிறார்கள்.

பெங்களூருக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே படிக்கப் போவது புதுப் பழக்கமும் இல்லை. தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி ஓசூர்ப் பள்ளியில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் வாங்கி, சட்டம் படிக்கச் சென்னைக்குப் போனார். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்ற முறையில் உனக்குக் கிடைக்க வேண்டியவை பல இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியோடு நின்றுவிடும்.

என்னென்ன என்று சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடம் ஒதுக்கி 2021இல் நம் மாநிலம் சட்டம் போட்டது. பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாம் அதில் அடங்கும். அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் ஹாஸ்டல் செலவையும் அரசே ஏற்கிறது. அது கிடைக்காவிட்டாலும், நம் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்காததால் முதல் பட்டதாரி சலுகை உண்டு. கலந்தாய்வில் வருகிற இடத்துக்குத்தான் அது செல்லும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குச் செல்லாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்கிலேயே வந்து விழும். இங்குள்ள சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் எவ்வளவு வாங்கலாம் என்பதற்குக் கட்டண நிர்ணயக் குழு ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் நன்கொடை கேட்பதைத் தடுக்க 1992இலேயே சட்டம் வந்துவிட்டது.

அந்தப் பக்கம் போனால் நீ வெளிமாநில மாணவி. கர்நாடகத்தின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு அவர்களுடைய பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு அங்கே பல வருஷம் படித்திருக்க வேண்டும். கன்னடம் தாய்மொழியாக உள்ள வெளிமாநிலப் பிள்ளைகளுக்குத் தனி வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். நமக்கு அது பொருந்தாது. மிஞ்சுவது தனியார் கல்லூரிகளுக்கான காமெட்கே தேர்வு, மேனேஜ்மென்ட் இடம், தனியார் பல்கலைக்கழகம் தானே நடத்தும் சேர்க்கை. உனக்கு வந்திருப்பது கடைசி வகை.

அவர்கள் கொடுத்த கையேட்டில் முதல் வருஷக் கட்டணம் பெரிய எழுத்தில் இருந்தது என்றாய். நோட்டை எடுத்து நாலு வருஷத்துக்கும் எழுது. கல்விக் கட்டணம் வருஷா வருஷம் ஏறுமா என்று எழுத்தில் கேள். தேர்வுக் கட்டணம், லேப் கட்டணம், திரும்பி வரும் டெபாசிட், திரும்பாத டெபாசிட், ஹாஸ்டல், மெஸ், பஸ், லேப்டாப், ஊருக்கு வந்து போகும் செலவு எல்லாவற்றையும் தனித்தனியாகப் போடு. ஹாஸ்டல் வாடகையும் மெஸ் பில்லும் வேறு வேறு. அரசு ஹாஸ்டல்களில் ஆகிற மெஸ் செலவைப் பிள்ளைகள் தலைக்கு வகுத்துக் கட்டுவது வழக்கம். தனியாரில் பெரும்பாலும் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒரே தொகை.

ஹாஸ்டல் வேண்டாம், ஓசூரிலிருந்து தினம் போய் வருகிறேன் என்பாய். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி, சில்க் போர்டு நெரிசலில் நின்று, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போய்த் திரும்ப எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும். வருஷத்துக்கு 200 நாள் வகுப்பு என்று வை. 600 மணி நேரம் ரோட்டில் போகிறது. அந்த நேரத்துக்கும் ஒரு விலை உண்டு.

கடன் வாங்கலாம் என்று அப்பா நினைக்கிறார். கல்விக்கடனில் 4 லட்சம் வரை பிணையும் கேட்கமாட்டார்கள், நம் கைப்பணம் பங்கு போடச் சொல்லவும் மாட்டார்கள். படிக்கும் காலத்திலும் முடித்து ஒரு வருஷம் வரையிலும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். பத்து சதவீத வட்டி என்றால் ஒவ்வொரு லட்சத்துக்கும் வருஷம் 10,000. நாலு வருஷம் கழித்து நீ வேலை தேடும்போது அதுவும் உன்கூடவே வரும். ரோஜாத் தோட்டத்துச் சம்பளத்தில் அப்பா அதைக் கட்ட முடியாது, நீதான் கட்டுவாய். அதனால் முடிவில் உன் பேச்சுக்கும் இடம் வேண்டும்.

பெயர்ப்பலகையில் 'யுனிவர்சிட்டி' என்று இருந்தால் எல்லாம் ஒன்றல்ல. அரசுப் பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், தனியார் பல்கலைக்கழகம் என்று வகை உண்டு. வேறொரு பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் இணைப்புக் கல்லூரிகளும், அவற்றில் பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே நடத்தும் தன்னாட்சிக் கல்லூரிகளும் உண்டு. உன் பட்டத்தில் கையெழுத்துப் போடப்போவது யார் என்று கேள். யுஜிசி அங்கீகாரம் இருக்கிறதா, பொறியியல் என்றால் ஏஐசிடிஇ அனுமதி இருக்கிறதா என்று அவர்கள் காட்டும் தாளில் பார்க்காமல் அந்தந்த அமைப்பின் பட்டியலிலேயே பார். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யுஜிசி வெளியிடுகிறது. கல்லூரிக்கு நாக் தரமதிப்பீடு, ஒவ்வொரு பொறியியல் பிரிவுக்கும் தனியாக என்பிஏ அங்கீகாரம் என்று இரண்டு உண்டு. கல்லூரிக்கு நல்ல மதிப்பீடு இருந்தும் நீ சேரப்போகும் பிரிவுக்கு என்பிஏ இல்லாமல் போகலாம்.

இனி நம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார். பொறியியல்தான் வேண்டுமென்றால் 1994இல் தொடங்கிய பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஓசூரிலேயே அதியமான் பொறியியல் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் தன்னாட்சியாக நடக்கிறது. டிவிஎஸ், அசோக் லேலண்டு, டைட்டன் மூன்றும் இருக்கிற ஊர் இது. தொழிற்சாலையை நேரில் பார்க்கவும், கடைசி வருஷப் புராஜெக்ட் செய்யவும் வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். கலை அறிவியல் என்றால் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் அரசுக் கல்லூரி உண்டு. பட்டம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துடையது.

யாரும் உன்னிடம் சொல்லாத ஒன்று என் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை மத்திகிரிக்கு உண்டு என்று உனக்குத் தெரியும். அதே மத்திகிரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. அங்கே கோழியினத் தொழில்நுட்பத்தில் நாலு வருஷ பி.டெக். நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்கைப் பார்த்துத் தரவரிசை போடுகிறார்கள். நான் சொன்ன 7.5 சதவீதம் இங்கேயும் உண்டு. பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தில் இந்தப் படிப்பு வராது, கால்நடைப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

அதன் மறுபக்கத்தையும் சொல்கிறேன். இந்தப் பட்டம் வாங்கினால் நீ கால்நடை மருத்துவர் ஆக முடியாது. வைத்தியம் பார்க்க பி.வி.எஸ்சி. வேண்டும். வேலை குஞ்சு பொரிப்பகம், தீவனத் தொழிற்சாலை, பண்ணை, இறைச்சி பதப்படுத்தும் இடம் என்று இருக்கும். நாமக்கல் முட்டைத் தொழில் எவ்வளவு பெரியது என்று உனக்கே தெரியும். சிறிய கல்லூரி, பெரிய நகரக் கல்லூரியின் கொண்டாட்டமும் கூட்டமும் இருக்காது. பண்ணை நாற்றம் பிடிக்காதவளுக்கு நாலு வருஷம் தண்டனை. உனக்குப் பிடிக்குமா என்று நீதான் சொல்ல வேண்டும். வா, ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

எந்தக் கல்லூரியானாலும் அவர்களே அழைத்துச் சுற்றிக் காட்டும் நாளில் போகாதே. அன்று எல்லாம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். சாதாரண வேலைநாளில், மதியத்துக்கு மேல் போ. லேபில் இயந்திரம் ஓடுகிறதா, உறை போட்டு மூடியிருக்கிறதா என்று பார். நூலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார். பெண்கள் ஹாஸ்டலில் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வருமா, உடம்பு சரியில்லாவிட்டால் இரவு எந்த ஆஸ்பத்திரிக்கு, யார் கூட்டிப்போவார்கள் என்று கேள். முதல் வருஷப் பிள்ளைகளைக் கேட்காதே. மூன்றாம் வருஷத்தைக் கேள். நீச்சல் குளம் இருக்கிறதா என்பதைவிடப் போன செமஸ்டரில் ஒரு பாடத்துக்கு எத்தனை முறை ஆசிரியர் மாறினார் என்பது முக்கியம். வேலைவாய்ப்பு பற்றிச் சொல்லும்போது மிக அதிகச் சம்பளம் வாங்கிய ஒருத்தரின் படத்தைக் காட்டுவார்கள். உன் பிரிவில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுவில் இருப்பவருக்கு என்ன சம்பளம் என்று கேள்.

ராகிங்குக்கு உன் அம்மா பயப்படுகிறாள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர் நாவரசு 1996இல் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இன்று நாடு முழுவதற்கும் யுஜிசியின் 1800-180-5522 என்ற இலவச எண் உண்டு. போனில் பதிந்து வை. பெண்களின் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும். அதில் யார் யார் என்று கேட்டால் உடனே பெயர் சொல்லத் தெரிய வேண்டும். விழித்தால் அந்த இடத்தைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. சரிபார்த்ததும் திரும்ப வாங்கிவிடு.

இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை இவ்வளவுதான். இ-சேவை மையத்தில் சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு எழுதிப் போடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாய் என்று தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்கு. பொறியியல் கலந்தாய்வு, கால்நடைப் பல்கலைக்கழகம், அரசுக் கலைக் கல்லூரி மூன்றுக்கும் கடைசி நாளுக்கு முன்பே விண்ணப்பித்துவிடு.

பெங்களூர்ச் சீட்டை அதற்குப் பிறகு எடுத்துப் பார்ப்போம். நீ படிக்க விரும்பும் பாடமோ, ஆசிரியரோ, லேபோ இந்தப் பக்கம் எங்கும் இல்லை, அங்கே மட்டும்தான் இருக்கிறது என்று நீ காட்டினால், அப்பாவிடம் நானே பேசுகிறேன், வங்கிக்கும் கூட வருகிறேன். ஊர் பெரிசு, கட்டிடம் அழகு, கூடப் படித்தவள் போகிறாள் என்பதுதான் காரணம் என்றால், அதற்கு உன் வருங்காலச் சம்பளத்தை அடமானம் வைக்க மாமா சம்மதிக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வா; இரண்டு பக்கக் கணக்கையும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாமா