மலிவு விலைப் பாட்டுப் பெட்டி: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

தறியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் ஓயாத வேலை உண்டு. காது மாத்திரம் சும்மா இருக்கிறது. நிலக்கடலை உரிப்போர், களை எடுப்போர் நிலையும் ஏறக்குறைய அதுவே. ஆதலின் சட்டைப் பையில் அடங்கும் பாட்டுப் பெட்டி ஒன்று வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்னும் கேள்வி அங்கத்தினர்களிடையே எழுவது இயல்பே. சந்தையில் சில நூறு ரூபாய் முதல் இத்தகைய பெட்டிகள் கிடைக்கின்றன. சில நூறு ரூபாய் நம்மில் பலருக்கு ஒரு நாள் உழைப்பின் பயன். நூலும் விதையும் வாங்கும்போது காட்டும் எச்சரிக்கையை இதிலும் காட்டுவோம்.

முதற்கண் ஒன்று சொல்லிவிடுகிறோம். பொத்தான் வைத்த சாதாரணக் கைபேசி வீட்டில் இருந்து, அதில் மெமரி கார்டு சொருக இடமும் இருக்குமாயின், தனிப் பெட்டிக்குச் செலவு செய்ய வேண்டுவதில்லை, அதுவே பாடும். பெரிய கைபேசி ஒன்றே உள்ளவர் நிலை வேறு. நாள் முழுதும் அதில் பாட்டுக் கேட்டால் பிற்பகலில் பாட்டரி தீர்ந்து, வங்கியிலிருந்து வரும் செய்தியையும் சங்கத்திலிருந்து வரும் அழைப்பையும் இழக்க நேரும். அவருக்குத் தனிப் பெட்டி பயன்படும்.

இனி அளவைப் பார்ப்போம். சாதாரணத் தரத்தில், அதாவது நொடிக்கு 128 கிலோபிட் வீதம் பதிந்த எம்.பி.3 பாட்டு, நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1 எம்.பி. இடம் கொள்ளும். ஐந்து நிமிஷப் பாட்டுக்கு 5 எம்.பி. 1998-ல் இவ்வகைப் பெட்டிகள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது, அவற்றுள் ஒன்றான ரியோ என்பதில் 32 எம்.பி.யே இருந்தது, அரைமணிப் பாட்டோடு சரி. இன்று 8 ஜி.பி. கார்டு ஒன்றில் சுமார் 1,600 பாட்டுகள் அடங்கும். அவை 130 மணிக்கு மேல் ஓடும். நாளொன்றுக்கு எட்டு மணி தறியில் இருப்பவரும் பதினாறு நாள் கேட்ட பாட்டைத் திரும்பக் கேளாமல் நெய்யலாம்! அப்படியிருக்க, 128 ஜி.பி. என்று அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு நாம் ஏன் மயங்க வேண்டும்?

மயங்குவோர் உண்டு என்பதனால்தான் இதில் ஒரு மோசடியும் பெருகியுள்ளது. இதனைச் சற்று விரிவாகவே கூறுவோம். கார்டின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, உண்மையில் 8 ஜி.பி. மட்டும் இருக்க, 128 என்று பொய் உரைக்குமாறு மாற்றப்பட்டிருக்கும். கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தாலும் 128 என்றே காட்டும். முதல் 8 ஜி.பி. வரை பாட்டுகள் ஒழுங்காக ஏறும், பாடும். அதற்கு மேல் ஏற்றியவற்றின் பெயர் பட்டியலில் தெரியுமேயன்றிப் பாட்டு வராது. சில கார்டுகளில் புதிய பாட்டு பழைய பாட்டின் மேலேயே எழுதப்பட்டு முன்னதும் அழியும். சினிமாப் பாட்டு போனால் மீண்டும் பெறலாம். பாட்டி பாடிய தாலாட்டையோ, மறைந்த தந்தையின் குரலையோ இத்தகைய கார்டில் மட்டும் வைத்திருப்பவர் என் செய்வார்? அவற்றிற்கு வேறிடத்தில் ஒரு படி அவசியம் இருக்க வேண்டும்.

நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் முடிந்து, எத்தனை முளைக்கின்றன என்று பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. இங்கும் அதுபோன்றதொரு சோதனை உண்டு. வாங்கிய அன்றே கார்டு நிரம்பும் வரை பாட்டுகளை ஏற்றி, முதலில் ஏற்றியது, நடுவில் ஏற்றியது, கடைசியில் ஏற்றியது ஆகியவற்றைப் பாடவிட்டுப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், எச்2டெஸ்ட்டபிள்யூ என்னும் இலவசச் செயலியால் முழுக் கார்டையும் சோதித்துவிடலாம். பல மலிவுப் பெட்டிகள் 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டைப் படிக்கவும் மாட்டா. ஆகவே உள்ளே நினைவிடம் நிறைந்த பெட்டியைவிட, கார்டு சொருகும் பெட்டியையும், 8 அல்லது 16 ஜி.பி.யில் நல்ல கார்டு ஒன்றையும் தனித்தனியே வாங்குவதே நம் கருத்தில் மேலானது.

தொடுதிரை வேண்டாம். கஞ்சி படிந்த விரலுக்கும் சேறு பட்ட விரலுக்கும் அது இணங்காது. பார்க்காமலே தடவி அழுத்தக்கூடிய பொத்தான்கள் வேண்டும். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். பாட்டுகளுக்கு 001, 002 என எண் இட்டு, வரிசையாக ஏற்றினால் தொல்லை குறையும். கதாகாலட்சேபம் போன்ற நீண்டவற்றைக் கேட்போர், நிறுத்திய இடத்திலிருந்தே மீண்டும் தொடங்குகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்க.

இப்பெட்டிகளில் முதலில் தளர்வது பாட்டரியே. பற்றவைத்து மூடிய பாட்டரி செத்தால் பெட்டியும் செத்தது போலத்தான். பழைய நோக்கியா கைபேசிகளில் இருந்த பி.எல்.-5சி என்னும் கழற்றத்தக்க பாட்டரியை ஏற்கும் பெட்டிகள் உள்ளன. பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். உப்பிய பாட்டரியை ஒருநாளும் சார்ஜ் போடலாகாது.

எஃப்.எம். வானொலி சேர்ந்திருப்பின் நன்று. 1960-களில் தஞ்சை வட்டாரத்தில் ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி வானொலி வழியே கேட்டறிந்து விவசாயிகள் பயிரிட்டமையால், அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கிற்று. பெரும்பாலான சிறு பெட்டிகளில் ஹெட்போன் ஒயரே ஏரியலாக இருப்பதால், அதைச் சொருகாவிடில் நிலையம் தெளிவாக வராது.

ஹெட்போன் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 80 டெசிபல் ஒலியை வாரம் 40 மணி வரை கேட்கலாம், 90 டெசிபலாயின் 4 மணியே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. விசைத்தறிக் கூடத்தின் இரைச்சலே 90-ஐத் தாண்டுவது சாதாரணம். அதை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமாயின் அதனினும் உரக்க வைக்க வேண்டும். செவிப்புலன் மெல்ல மெல்லக் குறையும், குறைந்தது திரும்பாது. ஓடும் பெல்ட்டில் ஒயர் சிக்கும் அபாயமும் உண்டு. எனவே விசைத்தறியில் இருப்போர் வேலை நேரத்தில் இதனை அணியவே கூடாது. கைத்தறியிலும் ஒரு காதுக்கு மட்டும் போதும், அல்லது சிறு ஸ்பீக்கர் உள்ள பெட்டியே உத்தமம். இழை அறுந்ததையும் நாடா தடுமாறுவதையும் கண்ணுக்கு முன் காதல்லவா அறிகிறது! டிராக்டர் ஓட்டுவோருக்கும் இது ஆகாது.

அட்டையில் அதிகபட்ச விலையும், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் இல்லாத பெட்டியை எவ்வளவு மலிவாயினும் தவிர்க்கவும். ரசீது கேட்டு வாங்கி, அதில் கார்டின் அளவையும் எழுதச் செய்க. சோதனையில் குறை கண்டால் ரசீதுடன் கடைக்குத் திரும்பலாம். கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குத் தொலைபேசியில் தெரிவிக்கலாம். எழுதத் தெரியாத அங்கத்தினரின் முறையீட்டை, எழுதத் தெரிந்த பக்கத்துத் தறிக்காரர் எழுதிக் கொடுக்கலாம்.