திறப்பு விழாவுக்குப் பிந்தைய செலவு



வட்டாரத் தொழில்நுட்ப மையம் ஒன்றுக்கு அரசு ஏன் பணம் தரவேண்டும், தந்த பணம் எப்போது பயன்படுகிறது, எப்போது வீணாகிறது என்பதை அறியத் தொலைதூர நாடுகளுக்குப் போகவேண்டியதில்லை. திருச்சி தென்னூரிலிருந்து பால்பண்ணை, அரியமங்கலம், திருவெறும்பூர் வழியாகத் துவாக்குடிக்குச் செல்லும் தஞ்சாவூர்ச் சாலையே போதும். 1960களில் இச்சாலையோரம் பாரத மிகுமின் நிறுவனத்தின், அதாவது ஊரார் 'பெல்' என்றழைக்கும் ஆலையின், கொதிகலன் உற்பத்தி தொடங்கியது. அதற்காக இரும்புத் தகடுகளையும் குழாய்களையும் வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்துத் தரும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் சுற்றிலும் முளைத்தன. ஒரு பேராலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்துப் பிழைக்கும் இத்தகைய பட்டறைகளே துணைத் தொழிற்கூடங்கள் எனப்படுகின்றன.

அப்படிப்பட்ட பட்டறை ஒன்றில் இரண்டு குழாய்கள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்படுவதை எண்ணிப் பார்க்கலாம். மேலே பார்த்தால் மீன் செதில் அடுக்கியதுபோல் வரிவரியாக, ஒரு குறையும் சொல்லமுடியாத இணைப்பு. உள்ளே கடுகளவு காற்றுக்குமிழி ஒன்று சிக்கியிருந்தாலும் அனுபவமிக்க வெல்டரின் கண்ணுக்கே அது தெரியாது. உயர் அழுத்த நீராவி பாயும்போது அந்தக் கடுகளவுதான் வெடிப்பின் தொடக்கமாகக்கூடும். அதைக் காட்டிக் கொடுப்பது கதிர்ப்படச் சோதனை, பட்டறைப் பேச்சில் 'எக்ஸ்ரே'. படச்சுருளில் அக்குமிழி கரும்புள்ளியாக விழும். ஆனால் இச்சோதனைக்குக் கதிர்வீச்சு வெளியேறாத தடித்த சுவர் அறையும், தேர்ச்சி பெற்ற பணியாளரும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும் வேண்டும். இரண்டு லேத்தும் நான்கு வெல்டர்களும் கொண்ட பட்டறைக்காரர் வீட்டை அடகு வைத்தாலும் இவற்றைத் தனியாக அமைத்துவிட முடியாது. அமைத்தாலும் மாதத்தில் பெரும்பாலான நாள்கள் கருவி சும்மா கிடக்கும். தனியொருவரால் வாங்கமுடியாததும், எல்லோருக்கும் அவ்வப்போது தேவைப்படுவதும் எதுவோ, அதற்குப் பொதுப்பணம் செலவிடுவதே முறை. ஆறு எல்லா வயலுக்கும் பாய்வதால் அணையை எந்த ஒரு மிராசுதாரரும் தனியே கட்டாததைப் போன்றதே இதுவும்.

திருச்சியில் இம்முறைக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. 1964இல் நிறுவப்பட்ட மண்டலப் பொறியியல் கல்லூரி, இன்றைய தேசியத் தொழில்நுட்பக் கழகம், துவாக்குடியில் இருக்கிறது. பெல் வளாகத்தில் 1975இல் பற்றவைப்பு ஆய்வு நிறுவனம் உருவாயிற்று. 1986இல் அக்கல்லூரியை ஒட்டி அறிவியல் தொழில்நுட்பத் தொழில்முனைவோர் பூங்கா, சுருக்கமாக 'ட்ரெக்-ஸ்டெப்', அமைந்தது. மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் ஐ.டி.பி.ஐ. போன்ற நிதி நிறுவனங்களும் சேர்ந்து ஊன்றிய இந்தப் பூங்கா, இந்தியாவில் இவ்வகையில் முதலில் தோன்றியவற்றுள் ஒன்று. புதிதாகத் தொழில் தொடங்குவோருக்குக் குறைந்த வாடகையில் இடமும் கருவியும் ஆலோசனையும் தந்து, சொந்தக் காலில் நிற்கும்வரை தாங்கும் இத்தகைய அமைப்பே தொழில் வளர்காப்பகம்.

இங்கேதான் இளைய வாசகர் உற்றுநோக்க வேண்டிய இடம் வருகிறது. அரசு தரும் பணம் இருவகை: கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் ஒருமுறை தருவது மூலதனச் செலவு; மின்கட்டணம், பணியாளர் ஊதியம், கருவிகளின் அளவுத்திருத்தம், பழுதுபார்ப்பு என ஆண்டுதோறும் வருவது தொடர்செலவு. முதல்வகைக்கு அடிக்கல்லும் திறப்பு விழாவும் செய்தித்தாள் படமும் உண்டு. இரண்டாம் வகைக்கு எதுவும் இல்லை. 2020இல் 400 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அறிவிக்கப்பட்ட பாதுகாப்புத் தளவாடச் சோதனை உள்கட்டமைப்புத் திட்டம், மையம் அமைக்கும் செலவில் 75 விழுக்காடு வரை மானியம் தர முன்வந்தது. அதன்பின் பயன்படுத்துவோரின் கட்டணத்திலேயே மையம் ஓடவேண்டும் என்றது. கேட்க நியாயமாகத் தோன்றும் இவ்விதியில் ஒரு முள் உண்டு: கட்டணத்தை உயர்த்தினால் சிறு பட்டறைக்காரர் வாசலோடு திரும்பிவிடுவார், தாழ்த்தினால் கருவி பழுதாகி நிற்கும். ஜெர்மனியில் 1949இல் தோன்றிய ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனங்கள் இதற்கு ஒரு வழி கண்டன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அடிப்படை நிதியை அரசு ஆண்டுதோறும் தர, எஞ்சியதை அவை தொழில் நிறுவனங்களின் பணிகளாலும் போட்டியிட்டுப் பெறும் பொதுத்திட்டங்களாலும் ஈட்டுகின்றன.

பேணுதலின் அருமையை முக்கொம்பு திருச்சிக்காரருக்குக் காட்டியிருக்கிறது. அங்கே 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் 9 மதகுகள் 2018 ஆகஸ்டில் வெள்ளத்தோடு போயின.

அணையைப் போலவே ஆள்களின் திறனையும் பேணவேண்டும். 2019 ஜனவரி 20 அன்று, படைத்தளவாட உற்பத்தியை வளர்ப்பதற்கான தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இந்நகரம் அதன் ஐந்து முனையங்களுள் ஒன்று. அனல்மின் நிலையங்களுக்கான கொதிகலன் ஆணைகள் குறைந்து பட்டறைகள் வேலையின்றித் தவித்த ஆண்டுகளுக்குப் பின் வந்த அறிவிப்பு அது. குழாயைப் பற்றவைத்துப் பழகிய கைகள் பீரங்கி உறுப்பையும் செய்யவல்லவை. ஆனால் புதிய தரச்சான்று, புதிய சோதனை, புதிய வரைபடம் ஆகியவற்றைக் கற்றுத்தர அருகிலேயே ஆள் இருக்கவேண்டும். அந்த ஆளின் ஊதியம் தொடர்செலவுக் கணக்கில்தான் வரும். அதைக் குறைப்பது அந்தக் கைகளுக்குச் செய்யும் அநீதி.

ஆகவே புதிய மையம் பற்றிய அறிவிப்பைப் படிக்கும்போது மொத்தத் தொகையோடு நின்றுவிடாமல், கருவி ஆண்டில் எத்தனை நாள் ஓடியது, பயன்படுத்தியவர்களுள் சிறு பட்டறைகள் எத்தனை, பணியாளர் இடங்களுள் காலியானவை எத்தனை என்று வினவலாம். பொதுப்பணத்தில் நடக்கும் அலுவலகங்களிடம் இவற்றைக் கேட்க 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இடம் தருகிறது; விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் 10 ரூபாய்.