காற்றில் வேர் விடும் செடி

மண்ணில் வேரூன்றி வளர்வதே செடிகளின் இயல்பு என நாம் எண்ணுகின்றோம். ஆயின், மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, வேர்களைக் காற்றில் தொங்கவிட்டு வாழும் செடிகளும் உள. ஆர்க்கிடு என்னும் பூச்செடிக் குடும்பத்திற் பல இத்தகையன. இவற்றைப் புல்லுருவியோடு சேர்த்து எண்ணுதல் தவறு. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிடுக்கோ மரம் இருக்கை மட்டுமே.

'வாண்டா' என்பது இக்குடும்பத்தின் ஒரு பிரிவு. அப்பெயரை வடமொழிச் சொல்லொன்றிலிருந்து வில்லியம் ஜோன்ஸ் என்னும் அறிஞர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்தாண்டார். இதழ்களில் வலைப்பின்னல் போன்ற கோடுகளையுடைய ஒருவகை வாண்டா, தமிழ்நாட்டின் சமவெளி மரங்களிலும் காணப்படுவதாகும்.

முற்காலத்தில் ஆங்கிலேயர் வெப்பநாட்டு ஆர்க்கிடுகளைக் கப்பலிற் கொண்டுசென்று, சாளரங்கள் அடைத்த கண்ணாடி வீடுகளில், புழுக்கம் மிகுமாறு வைத்தனர். அன்போடு பேணிய அச்செடிகளுட் பெரும்பாலானவை மடிந்தன. 1830களில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தோட்டத் தலைவரான ஜோசப் பாக்ஸ்டன் காற்றோட்டத்திற்கு வழிசெய்த பின்னரே அவை செழித்தன.

இதன் காரணம் வேரிலே உள்ளது. ஆர்க்கிடின் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்மையான உறையொன்று உண்டு. மழைத்துளி பட்டதும் அது நீரை உறிஞ்சிக் கொள்ளும். உலர்ந்தபோது வெள்ளி நிறமாயும், நனைந்தபோது பசுமையாயும் தோன்றும். எனவே, நீர் ஊற்ற வேண்டிய வேளையை வேரே அறிவிக்கின்றது! எந்நேரமும் ஈரத்திற் கிடந்தால் அவ்வுறை மூச்சுமுட்டி அழுகிவிடும்.

சாத்தூரைப் போன்ற கரிசல் ஊரில் இச்செடியை வீட்டினுள் வளர்க்க இயலுமா? இயலும். ஆனால் கரிசல் மண்ணை மட்டும் தொட்டியில் இடலாகாது. அது நீரைப் பிடித்துவைத்து வேரை நெரிக்கும். துளைகள் பலவுடைய தொட்டியில் அடுப்புக்கரித் துண்டு, உடைத்த ஓடு, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றை இட்டு, கிழக்குச் சாளரத்தருகே வைத்தல் நன்று. இலை கரும்பசுமையானால் ஒளி போதவில்லை. மஞ்சளித்துக் கருகினால் வெயில் மிகுந்தது. வெப்பத்தைத் தாங்கும் வாண்டா, டென்ட்ரோபியம் ஆகியவையே இவ்வூருக்கு ஏற்றவை. ஆடிமாதத்து வறண்ட காற்றில் வேர் விரைவில் உலரும். அப்போது நாள்தோறும் காலையில் நனைத்தல் வேண்டும். கூழாங்கற்கள் பரப்பிய தட்டில் நீர் ஊற்றி, தொட்டியின் அடி அந்நீரிற் படாதவாறு மேலே வைத்தால், சுற்றிலும் ஈரப்பதம் உண்டாகும். உவர்நீர் வேரில் உப்பாய்ப் படியுமாதலின், சேமித்த மழைநீரே சிறந்தது.

செடியை எங்குப் பெறுவது? மேற்கே தெரியும் திருவில்லிபுத்தூர் மலைக்காடு 2021 முதல் புலிகள் காப்பகத்தின் பகுதி. அங்குச் செடி பறித்தல் குற்றம். ஆர்க்கிடின் விதை தூள் போன்றது. அதனுள் முளைக்குத் தேவையான உணவுச் சேமிப்பு இல்லை; காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணையாலேயே அது முளைக்கின்றது. 1922இல் நட்சன் என்னும் அமெரிக்க அறிஞர், சர்க்கரை சேர்த்த கூழில் பூஞ்சையின்றியே அதனை முளைக்கச் செய்தார். அம்முறையின் வழியே இன்று குடுவைகளில் வளர்த்த நாற்றுகள் நாற்றங்கால்களில் விலைக்குக் கிடைக்கின்றன. காட்டு வகைகளைக் காண விழைவோர்க்கு, இந்தியத் தாவரவியல் ஆய்வகம் ஏற்காட்டில் பேணிவரும் ஆர்க்கிடுத் தோட்டம் உள்ளது.