பசியால் வந்த சம்மதம் சம்மதமாகுமா?



ஆலையில் ஒருவன் தன் கையை இழந்தால், "ஆபத்தென்று தெரிந்துதானே வேலைக்குப் போனான்" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். இப்பேச்சு நியாயமானதா? உண்மையாய் நடந்த ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

வங்காள தேசத்தில், டாக்கா நகருக்கு அருகே சாவார் என்னும் இடத்தில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. கீழே கடைகளும் ஒரு வங்கியும், மேல் மாடிகளில் ஐந்து தையல் ஆலைகளும் நடந்துவந்தன. 2013-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி கட்டடத்தில் பெரும் பிளவுகள் கண்டன. வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளருக்கோ மறுநாள் வேலைக்கு வரும்படி உத்தரவாயிற்று. வராவிட்டால் சம்பளம் கிடையாது என்ற அச்சம் அவர்களை உள்ளே அழைத்துச் சென்றது. 24-ந் தேதி காலை கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் மாண்டனர். சுமார் 2,500 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர். அவர்களுள் பலர் கை கால்களை இழந்தனர்.

பிளவு எல்லார் கண்ணுக்கும் ஒன்றுதான். வங்கி ஊழியர் தப்பினர். தையல் தொழிலாளர் மாண்டனர். காரணமென்ன? இவர்களுக்கு அறிவு குறைவா? இல்லை. வரமாட்டேன் என்று சொல்ல இவர்களுக்கு வழியில்லை, அவ்வளவே.

பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ம் ஆண்டு வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' என்னும் நிருபத்தில் இதைத் தெளிவாய்ப் போதித்திருக்கிறார். வறுமையின் நெருக்கத்தாலோ, இன்னும் பெரிய தீங்கு வருமென்ற பயத்தாலோ தொழிலாளி ஒன்றுக்கு இணங்கினால், அவ்விணக்கம் அநீதியை நீதியாக்காது என்பதே அப்போதனையின் சாரம். ஆகவே, "அவனே சம்மதித்தான்" என்று முதலாளி கைகழுவ முடியாது.

உலகச் சட்டமும் இவ்வழியே வந்திருக்கிறது. உயிருக்கு உடனடியான பேராபத்து உண்டென்று தக்க காரணத்தோடு எண்ணி வேலையை விட்டு விலகும் தொழிலாளியைத் தண்டிக்கலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1981-ம் ஆண்டு உடன்படிக்கையில் வகுத்தது. சாவார் விபத்துக்குப் பின், 2013 மே மாதத்தில், ஆடை வாங்கும் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்திலும் இவ்வுரிமை இடம்பெற்றது.

ஆகையால் நாம் செய்யவேண்டியது யாது?

முதலாவது, பிறரை வேலைவாங்கும் நிலையிலுள்ளவர்கள், ஒருவன் ஆபத்தைச் சுட்டிக்காட்டினால் அதைக் கீழ்ப்படியாமை என்று எண்ணலாகாது. ஐந்தாம் கற்பனை இங்கேயும் நம்மைக் கட்டும்.

இரண்டாவது, தொழிலாளர் தனித்தனியே முணுமுணுக்காமல், ஒன்றுகூடிச் சொல்லவேண்டும். ஒருவனை வேலையைவிட்டு நீக்குவது எளிது. எல்லாரையும் நீக்குவது அரிது.

மூன்றாவது, இது வீட்டிலுள்ளோருக்கு. உங்கள் மகனோ மகளோ ஒரு நாள் மாலை வந்து, "இயந்திரத்தின் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டார்கள்" என்று சொன்னால், "அனுசரித்துப் போ" என்று உடனே வாயடைக்காதீர்கள். உட்காரவைத்து முழுவதும் கேளுங்கள். ஒரு மாதச் சம்பளம் போனால் கடன் வாங்கியாவது சமாளிக்கலாம். கை போனால் எவரிடம் கடன் வாங்குவது?