கோடும் வண்ணமும்

மரத்தை எழுதும் ஓவியன் கிளையொன்றைக் கூட்டினும் குறைப்பினும் மரம் மரமாகவே நிற்கும். காண்போரும் குறை கூறார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை எழுதுவோன் பதின்மூன்று நிலைகளுள் ஒன்றை விட்டுவிடின், அவன் எழுதியது எவ்வளவு அழகியதாயினும் தஞ்சை விமானம் அன்று. பழங்கட்டடங்களை வரையும் கலைக்குரிய தனித்தன்மை இதுவே. அங்கே ஓவியன் கலைஞன் மட்டும் அல்லன், சாட்சியும் ஆவான். மையாலும் நீர்வண்ணத்தாலும் இக்கலையைப் பயில விரும்பும் நம் மாணவர், எந்த இடத்தில் தமக்கு உரிமை உண்டு, எந்த இடத்தில் இல்லை என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். இதனை விளக்க, நம் நாட்டிற்கு வந்து நம் கட்டடங்களை எழுதிச் சென்ற இருவரை எடுத்துக்கொள்வேன்.

தாமஸ் டானியெல் என்பவரும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டானியெலும் 1785-இல் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டுச் சீனத்தின் வழியாக 1786-இல் கல்கத்தா வந்து சேர்ந்தனர். அப்பொழுது வில்லியம் 16 வயதளவினர்; நம்மில் இளையவரினும் இளையவர். வடநாடெங்கும் சுற்றிய பின்னர், 1792-இல் சென்னையை அடைந்து, மைசூர்ப் போர் ஓய்ந்திருந்த அவ்வேளையில் தென்குமரி வரை பிரயாணம் செய்தனர். இவருக்கு முன் 1780-இல் சென்னைக்கு வந்த வில்லியம் ஹாட்ஜஸ் என்னும் ஓவியர், ஹைதர் அலியின் படையெடுப்பால் உள்நாடு செல்ல இயலாது போயிற்று. ஆதலின் மதுரையும் தஞ்சையும் திருச்சிராப்பள்ளியும் டானியெல்களின் கைக்கு எய்தின. இவ்விருவரும் வடநாட்டில் ஹாட்ஜஸின் படங்களை அவ்வவ் விடங்களிலேயே வைத்து ஒப்புநோக்கி, அளவு பிழைத்த இடங்களைக் குறித்துக்கொண்டனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. முன்னோன் ஒருவன் பிழையை அறிந்தவனுக்குத் தன் கோட்டில் அச்சம் பிறக்கும். அவ்வச்சம் நல்லது.

அவர்கள் தம்மோடு ஒரு கருவியையும் கொண்டுவந்தனர். காமிரா அப்ஸ்கூரா என்னும் இருட்பெட்டி அது. ஒரு கண்ணாடி வில்லை வழியே புகும் ஒளி, எதிரில் நிற்கும் கட்டடத்தின் சாயலைப் பெட்டியினுள் விரித்த தாளின்மேல் வீழ்த்தும். ஓவியன் அதனைப் பென்சிலால் பின்தொடர்வான். இது குறுக்கு வழியன்றோ என்று நம்மவர் சிலர் முகஞ்சுளிக்கலாம். பெட்டி தருவது அளவு ஒன்றே. எந்தக் கோடு கல்லின் விளிம்பு, எது வெறும் அழுக்குக் கறை என்று அது பிரித்துக் கூறாது. அதனைப் பிரித்தறிவதற்கே பென்சிற் கோட்டின்மேல் பேனா செல்கின்றது.

இருட்பெட்டி இல்லாத நாம் செய்யத்தக்கது யாது? கண்மட்டத்திற்கு நேரே ஒரு கிடைக்கோடு மெல்லென இட்டுக்கொள்க. சாய்ந்து நோக்குங்கால் அதற்கு மேலுள்ள தளக்கோடுகள் யாவும் தொலைவு செல்லச்செல்லத் தாழ்ந்து அதனை நோக்கி வரும். கீழுள்ளவை உயர்ந்து வரும். விமானமாயின், சுமார் 216 அடி உயரத்தையும் முதலில் ஒரு கூம்பாக அடைத்து, உச்சிச் சிகரத்தை இருத்தி, பின்னரே நிலைகளை எண்ணிப் பகுத்தல் வேண்டும். நிலைகள் மேலேற ஏறக் குறுகுவதை விட்டுவிட்டுப் பாவை பாவையாக எழுதத் தொடங்குவோர் பாதி உயரம் ஏறுமுன் தாள் முடிந்துவிடக் காண்பர். பாவைகளை ஒவ்வொன்றாக எழுதவும் வேண்டா. ஒளி படும் பக்கம் அவற்றின் புறக்கோடும், மறுபக்கம் நிழலும் இருப்பின் கண் மற்றதை நிரப்பிக்கொள்ளும்.

கோடு பொருளுக்கேற்ப வேறுபடுதல் வேண்டும் என்பதும் ஈண்டுக் கூறத்தக்கது. தஞ்சை கருங்கல், அங்கே கோடு இடையிடையே அற்று அற்றுச் செல்லலாம். 1636-ஐ ஒட்டி எழுந்த மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையோ செங்கல்லும் சுண்ணச் சுதையும் கொண்டு வளைவுகளாக வளர்ந்தது. அங்கே பேனா நடுவில் நில்லாமல் ஒரே ஓட்டமாக வளைய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கனத்தில் எழுதுவது தச்சன் வரைபடத்திற்கே பொருந்தும். மை நன்கு உலர்ந்த பின்னரே நீர் படவேண்டும் என்பதைக் கூறாமலே அறிவீர். உலராத மைமேல் தூரிகை சென்றால் தூணெல்லாம் புகையாகிவிடும்.

இனி வண்ணம். நீர்வண்ணத்தில் ஒளி என்பது தாளின் வெண்மையே. அதனைப் பின்னர்ச் சேர்க்க இயலாது, விட்டுவைக்கத்தான் இயலும். ஆகவே ஒளி படும் சுவரை முதலிலேயே ஒதுக்கி, வெளிறிய பூச்சிலிருந்து அடர்ந்த பூச்சிற்குச் செல்லுதல் முறை. டானியெல்கள் முதலில் சாம்பல் நிறப் பூச்சால் நிழல்களை அமைத்து, அதன்மேல் மெல்லிய வண்ணங்களை ஏற்றினர். கோடு கட்டடத்திற்குக் கடன்பட்டது. நிழலும் வண்ணமும் அந்நாழிகைக்குக் கடன்பட்டவை. நெடுநல்வாடையில் கட்டட நூல் வல்லார் இரு கோல்கள் நட்டு, நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் திசை குறித்து அரண்மனைக்கு நூலிடுவதைப் பயின்றிருக்கிறோம். மனைநூலார் விரும்பிய அந்த நண்பகலே ஓவியனுக்கு ஆகாத பொழுது! நிழல் இல்லாதபோது தூண் உருண்டையா சதுரமா என்பதும் தோன்றாது. காலை ஒன்பது மணிக்குள்ளாகவோ மாலை நான்கு மணிக்குப் பின்னரோ அமர்தல் நன்று. நிழல் நகருமாதலின், தொடக்கத்திலேயே அதன் எல்லையைப் பென்சிலால் குறித்துவிட்டு, பின்னர் அது எங்குச் சென்றாலும் குறித்த இடத்திலேயே நிறுத்துதல் வேண்டும். காலை நிழலும் மாலை நிழலும் ஒரே முற்றத்தில் விழுந்த படங்களைக் கண்காட்சிகளிற் காண்கின்றோம். அங்கே இரண்டு சூரியர்கள் உளர் போலும்.

டானியெல்கள் 1794-இல் தாயகம் திரும்பி, 1795 முதல் 1808 வரை 144 படங்களை ஆறு தொகுதிகளாக வெளியிட்டனர். செப்புத் தகட்டில் பிசின் பொடியை ஒட்டவைத்துத் திராவகத்தில் தோய்த்து, நீர்வண்ணப் பூச்சைப் போன்ற சாயலைப் பெறும் அக்வாடின்ட் முறையில் அவை அச்சாயின. பின்னர்க் கையால் வண்ணம் தீட்டப்பெற்றன. இங்கே நாம் சற்று விழிப்புடன் இருத்தல் வேண்டும். மதுரையில் பென்சில் இட்டது 1792-இல். வண்ணம் ஏறியது சில ஆண்டுகள் கழித்து, வேறொரு வானத்தின்கீழ், இலண்டனில். எனவே அப்படங்களின் தூண்களையும் வளைவுகளையும் நம்பும் அளவிற்கு அவற்றின் வான்நிறத்தை நம்புதல் கூடாது என்பது என் துணிபு.

அந்நம்பிக்கைக்குத் தேவை உண்டோ எனின், உண்டு. நாயக்கர் அரண்மனையை டானியெல்கள் கண்டபோது அது சிதைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு அதனைப் பழுதுபார்க்கச் செய்தார். இன்று நாம் காணும் தோற்றத்துள் பழையது எது, புதுக்கியது எது என்று ஆராய்வார்க்கு அதற்கு முந்திய படங்களே துணை. அடையாற்றின்மேல் 1726-இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் கட்டுவித்த பாலத்தையும் அவர்கள் எழுதினர். 1966-இல் அங்கே புதுப்பாலம் எழுந்து மறைமலையடிகள் பெயரைத் தாங்கிற்று. தமிழ் மாணவர்க்கு அப்பெயர் உவப்பே. ஆயினும் பழம்பாலத்தின் கண்களை நேரிற் காண்டல் இனி இயலாது.

நிழற்படம் வந்தபின் பேனாவிற்கு வேலை என்ன என்பார்க்கும் ஒரு சொல். 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் மதுரையையும் தஞ்சையையும் நிழற்படம் எடுத்தார். பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒன்றாக இணைத்தார். எழுத்துப் பிறழாமல் அதனைச் செய்யப் பேனாவால் ஆகாது, ஒப்புக்கொள்வோம். ஆனால் அவரும் வெறுமையாய்த் தோன்றிய வானத்தில் மேகங்களைத் தூரிகையாலேயே தீட்டிச் சேர்த்தார்! வானத்தில் உரிமை உண்டு என்பதில் இரு கலைஞரும் ஒத்திருந்தனர் போலும்.

உரிமை இல்லாத இடம் மற்றொன்று உண்டு. அதனைப் பலரும் கவனிப்பதில்லை. முற்றத்தில் மனிதர் இருவர் மூவரை எழுதுவது வழக்கம். அவர்களைக் கொண்டே கண் கட்டடத்தை அளக்கின்றது. அவர்களைச் சிறிது சுருக்கினால் அரண்மனை இருமடங்கு வளரும், ஒரு கோடும் மாறாமலே. ஆதலின் ஆளை எழுதுமுன் உண்மையான ஆள் ஒருவரை வாயிலின் அருகே நிற்கச்செய்து, அவர் தோள் கதவின் எப்பகுதிக்கு வருகின்றது என்று பார்த்துத் தாளில் ஒரு புள்ளி வைத்துக்கொள்க.