பாசன நீரில் கழிவு: கண்டறிவது எப்படி?

பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைக் கழிவால் கிணறுகளும் நிலங்களும் கெட்டன. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு கிடைக்க உச்ச நீதிமன்றம் 1996-இல் வழி செய்தது. நகரச் சாக்கடையும் ஆற்றைக் கெடுக்கிறது. எனவே வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்திலும் ஆறு, சாக்கடைக் கால்வாய் அருகே கிணறு உள்ளவர்கள் நீரைப் பரிசோதிப்பது அவசியம்.

கேடு இருவகை. சாக்கடையின் அங்ககக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறைகிறது. இப்பிராணவாயுத் தேவையை 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்து அளப்பர். பாசனத்துக்கு விடும் கழிவுநீரில் இது லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

மற்றது உப்பு. தெளிந்த நீரிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மின்கடத்தும் திறன் 2,250 மைக்ரோமோவுக்கு மேற்பட்டால் சாதாரணப் பயிர்களுக்கு ஏற்றதல்ல. பீன்ஸ் உப்பைத் தாங்காது. பருத்தி ஓரளவு தாங்கும்.

மாதிரி எடுக்கும் முறை:

1. மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிடவும்.

2. உப்புப் பரிசோதனைக்கு, அதே நீரால் மும்முறை கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் 1 லிட்டர் பிடிக்கவும்.

3. அங்ககக் கழிவுப் பரிசோதனைக்குத் தனி பாட்டிலில் காற்றுக் குமிழியின்றி நிரப்பி, ஐஸில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்க்கவும்.

4. பெயர், சர்வே எண், கிணற்றின் ஆழம், பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டவும்.

கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் பரிசோதித்து, முடிவுகளைக் குறித்து வைத்து ஒப்பிடவும். ஆலோசனைக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். மண் கெடுமுன் அறிந்தால் பயிரை மாற்றலாம். கெட்டபின் சீராக்கப் பல ஆண்டுகள் ஆகும்.